லைட் எரியறதுக்கு முன்னாடி சொல்லுங்க சாமி

புது கார் எடுத்த சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால், வண்டியை நம்ம களத்தில் நிறுத்திவிட்டுச் சுற்றிக் காட்டுவார்கள். பெரிய ஸ்கிரீன், கண்ணாடிக் கூரை, ராத்திரியில் கதவோரம் கலர் கலராக மினுக்கும் லைட்டு. வாயால் சொன்னால் கூரை திறக்கிறது. சீட்டுக்குள் இருந்து குளுகுளுன்னு காத்து வருது. எல்லாத்தையும் பார்த்து முடிச்சு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "இஞ்சின் சூடு இப்ப எத்தனை இருக்குதுங்க மாப்பிள்ளை?"

பல வண்டிகளில் இதற்குப் பதில் கிடையாது. ஸ்கிரீனைத் தடவித் தடவித் தேடுவார்கள். கடைசியில், "அதெல்லாம் நாம பார்க்க வேண்டியதில்லைங்க மாமா, சூடேறினா சிவப்பு லைட் எரியும்" என்பார்கள்.

அந்தச் சிவப்பு லைட்டோடுதான் எனக்குச் சண்டை.

இப்போது வருகிற சின்ன கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. இஞ்சின் குளிர்ந்து கிடந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. "புது வண்டிக்குத் தனியா மீட்டர் வாங்கி மாட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: மாட்டுங்க. ஆனா கடையில் விற்கிற அத்தனையும் வேண்டாம். ரெண்டே நம்பர் போதும். அதுவும் ஒரு ஒயரைக்கூட வெட்டாமல் எடுக்கணும்.

கிராமத்தில் நாங்கள் முள்ளைப் பார்த்துப் பிழைக்கிற ஜனங்க. மோட்டார் ரூமுக்கு வந்து பாருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் ரெண்டு மீட்டர் இருக்கும். ஒன்று வோல்ட், இன்னொன்று ஆம்ப்ஸ். ஏழரை எச்பி மோட்டார், போரில் தண்ணி நல்லா இருக்கிற நாளில் 12, 13 ஆம்ப்ஸ் இழுக்கும். தண்ணி குறைந்து மோட்டார் சும்மா சுத்த ஆரம்பித்தால் முள் கீழே இறங்கும். மணல் ஏறி இறுக்கினால் முள் மேலே போகும். எல்லாம் நிலத்துக்குள் பல நூறு அடி ஆழத்தில் நடக்கிற சங்கதி. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. அந்த முள் ஒன்றுதான் சொல்லும். பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிகூட, "முள்ளு கீழ வந்துருச்சு, மோட்டாரை நிறுத்துடா"ன்னு சத்தம் போடும். நிறுத்தினால் மோட்டார் பிழைக்கும்.

அந்த ரெண்டு மீட்டரையும் எடுத்துவிட்டு, "காயில் கருகினதும் சிவப்பு லைட் எரியுங்க"ன்னு சொல்லி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து விற்றால் எந்த விவசாயி வாங்குவான்? கார் கம்பெனிக்காரர்கள் உங்கள் தலையில் கட்டுவது அந்தப் பெட்டியைத்தான்.

டிராக்டரும் அப்படித்தான். எங்களுக்கு ஸ்பீடோமீட்டரைவிட மணி மீட்டர் முக்கியம். ஆயில் மாற்றுவதே மணிக் கணக்கில்தான், பெரும்பாலும் 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதுக்குப் பக்கத்தில் டெம்பரேச்சர் முள். காய்ந்த காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது ரேடியேட்டர் சல்லடையில் புழுதியும் சருகும் அடைத்துக்கொள்ளும். முள் மெல்ல மேலே நகரும். டிரைவர் வண்டியை நிறுத்துவார், சல்லடையைத் தட்டிச் சுத்தம் பண்ணுவார், ஒரு டீ குடிப்பார், மறுபடி ஓட்டுவார். பத்து நிமிஷ வேலை. கொதிக்கிற வரைக்கும் விட்டிருந்தால் பத்து நாள் வேலை. உழவு சமயத்தில் பத்து நாள் டிராக்டர் படுத்தால் என்ன ஆகும் என்று விவசாயம் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

இப்ப கார் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்று வருஷம் ஆன காரில் குடும்பத்தோடு தாளவாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. வண்டி நிறைய ஆள், ஏசி வேறு. ரேடியேட்டர் ஹோஸ் மூட்டில் சில நாளாகவே கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு அது தெரிய வழியில்லை. பாதி மலை ஏறினதும் சிவப்பு லைட் எரிந்தது. முன்னாடி லாரி, பின்னாடி பஸ், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஒதுக்க இடம் கிடைக்கிறதுக்குள் அரை கிலோமீட்டர் போயிருப்பார். அதுக்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கெட்டும் போச்சு. பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த வருஷம் மஞ்சள் விற்ற காசு அப்படியே அதில் போனது.

வாரன்டி கேட்டார். "லைட் எரிஞ்ச பிறகும் ஓட்டியிருக்கீங்க சார், கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு" என்று கையை விரித்துவிட்டார்கள். சாதாரண வண்டி இன்சூரன்ஸ் விபத்துக்குத்தான். இஞ்சின் தானாகக் கெட்டால் அதில் வராது.

அந்தப் பதிலைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்காம்! அப்படின்னா சூடு 95, 100, 105, 110 என்று ஏறினது ஒவ்வொன்றும் வண்டிக்குத் தெரிந்திருக்கிறது. வண்டிக்குத் தெரியும். சர்வீஸ் சென்டர்காரருக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கி, பொண்டாட்டி புள்ளைகளை ஏத்திக்கிட்டு மலை ஏறினவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் வைத்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், தெரியாமல் ஓட்டினவர் தண்டம் கட்டினார். இது எந்த ஊர் நியாயம்?

"சென்சார் வைக்கச் செலவாகும்" என்று சொல்லவும் முடியாது. இன்றைய பெட்ரோல், டீசல் கார் எல்லாவற்றிலும் கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. அது இல்லாமல் எரிபொருள் எவ்வளவு விடுவது, ஃபேனை எப்போது போடுவது என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதுக்கும் ஸ்கிரீனுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். பல வண்டிகளில் அந்த ஸ்கிரீன் நாலு டயருக்கும் காத்து எத்தனை என்று தனித்தனியாகக் காட்டுகிறது. ஓடுகிற பாட்டு எந்தப் படம் என்று போஸ்டரோடு காட்டுகிறது. ஒரே ஒரு நம்பரைக் காட்டத்தான் இடம் இல்லையாக்கும்!

காரணம் வேறு. முள் லேசாக நகர்ந்தாலே ஜனங்கள் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு வந்து நிற்கிறார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று முள்ளையே எடுத்துவிடுகிறார்கள். முள் இருக்கிற வண்டிகள் பலவற்றிலும் ஒரு சூது உண்டு. 85 டிகிரி ஆனாலும் 100 ஆனாலும் முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும்படி வைத்துவிடுவார்கள். நிஜமாகவே கொதிக்கப்போகும் நேரத்தில்தான் அது நகரும். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் ஹட்சன் என்ற கம்பெனி 1930-களிலேயே ஆயில் முள்ளை எடுத்துவிட்டு லைட்டை வைத்தது. இந்த மாதிரி லைட்டுக்கு இங்கிலீஷில் 'இடியட் லைட்' என்றே பெயர். நம்மை என்னவென்று நினைத்துச் செய்கிறார்கள் என்று அந்தப் பேரிலேயே இருக்கிறது.

"கம்ப்யூட்டர் பார்த்துக்கும், மனுஷன் கண்ணைவிட அது வேகம்" என்று படித்த பிள்ளைகள் வாதம் பண்ணுவார்கள். வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். சூடேறினால் ஃபேனை வேகமாக ஓட்டும், சில வண்டியில் ஏசியை நிறுத்தும், இழுவையைக் குறைக்கும். ஆனால் ஹோஸில் சொட்டுகிற கூலன்ட்டை அது போய் அடைக்காது. ஆறு மாசமாக இதே ரோட்டில் 92-ல் நின்ற நம்பர் இந்த வாரம் ஏன் 98-க்குப் போகிறது என்று யோசிக்க ஒரு சொந்தக்காரன் வேண்டும். கட்டுத்தறியில் மாடு அசை போடாமல் நின்றால், காய்ச்சல் பார்க்கும் முன்னாடியே நமக்கு மனசு உறுத்தும் இல்லையா, அந்த மாதிரி.

"நாங்க சிட்டியில இருக்கோம், பத்து நிமிஷத்துல மெக்கானிக் வருவார்" என்பது அடுத்த சமாதானம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் நின்றால் ரேடியேட்டருக்குக் காத்து கொடுப்பது அந்த ஃபேன் ஒன்றுதான். அது நின்றுபோனால் திம்பம் ஏறினாலும் கத்திப்பாராவில் நின்றாலும் இஞ்சினுக்கு ஒன்றுதான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி வண்டி நின்றால் எந்த மெக்கானிக் வருவார்?

இதுக்கு நேர் எதிர்க் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆறு வட்ட மீட்டர் வாங்கி, முன் கண்ணாடி ஓரத்துக் கம்பத்தில் வரிசையாக ஒட்டி, உள்ளே நீல வெளிச்சம் போட்டு ஓட்டுகிற தம்பிகள். அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை.

அந்தக் கம்பத்துக்குள்தான் பல வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. விபத்தில் அது விரியும்போது நீங்கள் ஒட்டின மீட்டர் முகத்துக்கு வரும். அப்புறம் டர்போ பூஸ்ட் மீட்டர். சந்தைக்கும் ஆபீசுக்கும் போகிற வண்டிக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. ஆயில் பிரஷர் மீட்டர் பேச்சுக்கு நல்ல சாமான்தான். கம்பெனி லைட் பிரஷர் அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் எரிகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மீட்டருக்கு இஞ்சினில் இருக்கிற சுவிட்சைக் கழற்றி நடுவில் ஒரு இணைப்பு போடணும். புது வண்டியில் அந்த இணைப்பு கசிந்தால் ஆயில் கீழே, இஞ்சின் மேலே. எதுக்குப் பயந்தீங்களோ அதையே காசு கொடுத்து வாங்கின கதை. வாரன்டியும் வம்பில் மாட்டும். அதுக்குப் பதில் பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பாருங்க. செலவு ஒரு கந்தல் துணி.

மாட்ட வேண்டியது கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட் ரெண்டுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 கட்டாயமானது. அதற்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் என்று ஒன்று இருக்கும். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டுகிற இடம் அது. அதில் செருகி போனில் பார்க்கிற புளூடூத் கருவி ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. போன் வேண்டாம் என்றால் சின்ன டிஸ்பிளேவோடு தனியாகவும் விற்கிறது. ஒயர் வெட்ட வேண்டாம், ஓட்டை போட வேண்டாம். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திப் போடும்போது மட்டும் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியைக் குடிக்கும்.

மாட்டினால் போதாது, பழகணும். முதல் ஒரு மாசம் உங்கள் வண்டியின் வழக்கமான சூடு என்ன என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் 85-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும். மலை ஏறும்போது, ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது எத்தனை என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஜன்னலை இறக்கிவிட்டு, இடம் பார்த்து ஒதுக்குங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீங்க, முகம் வெந்துபோகும். பேட்டரியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல பேட்டரி. தினமும் 12.2-க்குக் கீழேயே நின்றால் அது வழியில் விடப்போகுது என்று அர்த்தம். வண்டி ஓடும்போது புது மாடல்களில் வோல்ட் ஏறி இறங்கும். அது ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்கிற வேலை, அதுக்குப் பயப்பட வேண்டாம்.

மீட்டரையும் சாமி ஆக்கிவிடக் கூடாது. கூலன்ட் முழுசாகக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காத்தில் நிற்கும், காட்டுகிற நம்பர் பொய்யாகலாம். அதனால் வாரம் ஒரு நாள், இஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் பாட்டிலில் அளவைப் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் நாம் செய்கிறது. கம்பெனிக்காரர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். ஸ்கிரீனில் ஒரு ஓரத்தில் அந்த நம்பரைக் காட்டணும். புதுசாக ஒரு ஆணிகூடச் சேர்க்க வேண்டியதில்லை, சாப்ட்வேர் வேலைதான். இத்தனை வருஷமாகச் செய்யாததுக்குக் காரணம், ஷோரூமில் யாரும் கேட்பதில்லை என்பதுதான். கலர் கேட்கிறோம், தள்ளுபடி கேட்கிறோம், ஆயுத பூஜைக்குள் டெலிவரி கிடைக்குமா என்று கேட்கிறோம்.

அடுத்த தடவை அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாடி அந்த விற்பனைத் தம்பியை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். "இஞ்சின் சூடு எத்தனை, நம்பர்ல காட்டுப்பா" என்று கேளுங்கள். காட்டினால் வாங்குங்கள். காட்டலைன்னா, பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப விலையில அதையும் குறைச்சுக்கங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.