செருப்பைக் கீழே போடுங்க

ஹாஸ்டல் பாத்ரூம் சுவத்துல பெருசா ஒரு எட்டுக்கால் பூச்சி தெரிஞ்சா போதும். "டேய், டரான்டுலாடா!"ன்னு ஒருத்தன் கத்துவான், இன்னொருத்தன் செருப்பைத் தூக்குவான். பெரும்பாலும் அது டரான்டுலாவே இல்ல, கரப்பான் பிடிக்க வந்த வீட்டுச் சிலந்தி. நிஜ டரான்டுலாவாவே இருந்தாலும் செருப்பு வேண்டாம்கறதுதான் என் கட்சி.

டரான்டுலா விஷத்தால மனுஷன் செத்ததா உறுதியான பதிவு ஒண்ணுகூட இல்லை. அதுக்காகக் கையில ஏந்தி ரீல்ஸ் போடக் கிளம்பிடாதீங்க. நம்ம நாட்டு மரங்கள்ல வாழற பொசிலோதீரியா வகை கடிச்சா கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும். சிலருக்கு நாள்கணக்கில் நீடிக்கும்.

ஏன் அப்படி? நரம்பு செல்லோட சவ்வுல, அயனிகள் போய்வர புரதத்தாலான கதவுகள் இருக்கு. விஷத்துல இருக்கற குட்டிக் குட்டி பெப்டைடுகள் அந்தக் கதவுகளைத் தேடிப்போய்ப் பிடிக்கும். சிலது அடைக்கும், சிலது திறந்துவிடும். நீளம் முப்பது நாற்பது அமினோ அமிலம்தான். ஆனா மூணு கந்தகப் பிணைப்பு போட்டு முடிச்சா இறுக்கிக் கட்டியிருக்கறதால லேசுல உடையாது. மெக்கானிக்கல்காரங்களே பொறாமைப்படற டிசைன்!

மிளகாய் கடிச்சா எரியுதே, அதுக்கும் ஒரு கதவு உண்டு: டிஆர்பிவி1. சீனாவுல இருக்கற ஒரு டரான்டுலாவோட நஞ்சு, ரெண்டு முடிச்சு உள்ளது, இந்தக் கதவைத் திறந்தபடியே பூட்டிடும். 2013இல் டேவிட் ஜூலியஸ், யிஃபான் செங் குழுவினர் அந்த நஞ்சோட ஒரு தாவர நஞ்சையும் சேர்த்துத்தான் திறந்த கதவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில படம் பிடிச்சாங்க. ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு. அதைப் பகிர்ந்துக்கிட்ட ஆர்டெம் பட்டபூட்டியன் கண்டுபிடிச்சது, தொடுதலை உணர்ற பியெசோ கதவு. அதை அடைக்க ஆய்வகங்கள்ல பயன்படறதும் சிலி நாட்டு டரான்டுலாவோட பெப்டைடுதான்.

மருந்துக்கடைக்கு இன்னும் ஒண்ணும் வரல, அதையும் சொல்லிடணும். இதயத்தையும் தசையையும் தொடாம வலிக்கான கதவை மட்டும் அடைக்கறது சாதாரண வேலை இல்ல. வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

ஆனா மூலப்பொருள் பாக்கி இருக்கணுமே! ராமேஸ்வரத்துல வாழற ஒரு பொசிலோதீரியாவுக்கு அறிவியல் பேர் கிடைச்சதே 2004இல்தான். இப்பவே அது மிக அருகிய இனங்களோட பட்டியல்ல இருக்கு. அதுக்கு வீடு, பழைய மரத்தோட பொந்து. அந்த மரத்தை வெட்ட நம்மகிட்ட யாரும் அனுமதி கேக்கப் போறதில்லை. சுவத்துல இருக்கறது மட்டும்தான் நம்ம கையில.