மஷேரி: பொடி என்ற பெயரில் புகையிலை

மும்பையில் பல வீடுகளில் பல் விளக்கவும் புகையிலைதான். தவாவில் கருக வறுத்து, பொடித்து, டப்பாவில் அடைத்துவைக்கிறார்கள். பெயர் மஷேரி. காலையில் விரலால் ஒரு தேய்ப்பு. பழகிவிட்டால் மதியம், இரவு என்று நீளும். பல்வலி அடங்குவதாக நம்பிக்கை. உண்மையில் அடங்குவது நிகோடின் ஏக்கம்.

மும்பையில் 35 வயதைத் தாண்டிய 99,598 பேரிடம் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகையிலை உபயோகித்தார்கள். புகைத்தவர்கள் மிகச் சொற்பம், மஷேரிதான் அதிகம்.

பற்பசை, பற்பொடியில் புகையிலை சேர்க்க மத்திய அரசு 1992-ல் தடை விதித்தது. குட்காவை மகாராஷ்டிரம் 2012-ல் தடை செய்தது. ஆனால், அடுப்படியில் தயாராகும் பொடியை எந்த இன்ஸ்பெக்டர் பிடிப்பார்?

வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தோடு ஊரிலிருந்து தாராவிக்கு வந்த பாட்டிமார்களுக்கு மஷேரி அந்நியமாகத் தெரியாது. ஈறு இறங்கிப் பல் ஆடினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு வந்தாலும் வலிக்காது. அவற்றில் சில பின்னாளில் புற்றாக மாறுகின்றன.

கிராமத்தில் பல் டாக்டரைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். தாராவிக்கோ சயான் மாநகராட்சி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது; நாயர் பல் மருத்துவமனை மும்பை சென்ட்ரலில், டாடா நினைவு மருத்துவமனை பரேலில். இங்கே தடை தூரமல்ல. 'இது வெறும் பல்பொடி' என்ற நினைப்பு. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் - எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பல்லே இல்லாத பாட்டியும்தான்.