தக்காளி சாண்ட்விச்சில் தக்காளி எங்கே?

வெயில் காலத்தில் சாயங்காலம் அடுப்பு பற்ற வைக்கவே மனசு வராது. அதனால் பங்குனி, சித்திரையில் எங்கள் வீட்டில் பல நாள் ராத்திரிச் சாப்பாடு தக்காளி சாண்ட்விச்தான். இரண்டு துண்டு பிரெட், கொஞ்சம் வெண்ணெய், மாடித் தொட்டியில் பழுத்த நாட்டுத் தக்காளி, உப்பு, மிளகுத்தூள். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால், "சீஸ் இல்லையா? வெள்ளரிக்காய், வெங்காயமாவது?" என்று கேட்கிறார்கள். எதுவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. தக்காளி நன்றாக இருந்தால் அதற்குத் துணை எதற்கு?

கடைகளில் தரும் சாண்ட்விச்சைப் பிரித்துப் பாருங்கள். சீஸ், மயோனைஸ், பச்சைச் சட்னி எல்லாவற்றுக்கும் நடுவில் வெளிறிப்போன ஒரு வில்லை ஒளிந்திருக்கும். அதுதான் தக்காளியாம்! அதன் மேல் கெச்சப் வேறு. தக்காளிக்கே தக்காளி ருசியைக் கடன் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இது தானாக நடந்ததில்லை. லாரியில் கிரேட் மேல் கிரேட் அடுக்கிக் கொண்டுபோனாலும் நசுங்காத தக்காளி வேண்டும் என்று கேட்டோம். தோல் தடித்த, சதை கெட்டியான பெங்களூர் தக்காளி வந்தது. அதையும் செங்காயிலேயே பறித்து அனுப்புகிறார்கள். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டுத் தக்காளி வண்டியிலேயே உடைந்தால் நஷ்டம் அவருக்குத்தான். ரசத்துக்கும் குழம்புக்கும் அந்தக் கெட்டித் தக்காளி போதும். பச்சையாகச் சாப்பிடத்தான் அது உதவாது.

அழகு பார்த்து வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. பழைய தக்காளி ரகங்களில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி சிவந்தால்தான் விலைபோகும் என்று, அந்தப் பச்சை இல்லாத ரகங்களையே உலகம் முழுவதும் பல பத்து வருடங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். காய்க்குள் பச்சையத்தைப் பெருக்கி இனிப்பு சேர உதவும் மரபணு ஒன்று அந்தப் பச்சையோடு சேர்ந்தே கெட்டுப்போனது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். அழகுக்காக ருசியை விற்ற கதை!

மிச்சம் மீதி மணத்தையும் ஃப்ரிட்ஜ் தீர்த்துக்கட்டுகிறது. 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்த தக்காளியின் மணம், வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது என்று 2016-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சி சொன்னது. பழுத்த தக்காளியைக் கூடையில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள்.

"கிலோ இருபது ரூபாய்க்குக் கிடைப்பதற்கு இவ்வளவு பாடா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆனால் நான் விலைக்காகச் சொல்லவில்லை. நம் வயசுக்காரர்களுக்காவது தக்காளி எப்படி இருந்தது என்று தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஒன்றும் இல்லை. ருசியே தெரியாதவனுக்கு அது போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

செலவும் பெரிதில்லை. நன்றாகக் கனிந்த நாட்டுத் தக்காளியின் விதையைச் சாம்பலில் பிசறி, நிழலில் காய வையுங்கள். ஹைபிரிட் விதை வேண்டாம். அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. மார்கழியில் விதைத்து, நாற்று மூன்று நான்கு வாரமானதும் தொட்டிக்கு மாற்றுங்கள். பங்குனியில் பழம் கிடைக்கும். 35 டிகிரிக்கு மேல் போனால் பூ கொட்டும்; மத்தியான வெயிலுக்குப் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினால் போதும்.

சாண்ட்விச் செய்யும்போது இரண்டு துண்டிலும் வெண்ணெய் தடவுங்கள். பிரெட் சீக்கிரம் ஊறாது. தக்காளியைத் தடிமனாக நறுக்குங்கள். உப்பைக் கடைசியில் தூவி, உடனே சாப்பிடுங்கள். சாறு முழங்கை வரை வழிந்தால் நல்ல தக்காளி. வழியாவிட்டால், அதைக் குழம்பில் போடுங்கள்.