பழைய கதவு, புதுச் சட்டம்

மழைச்சாரல் அடிக்கும் வாசல் கதவில் முதலில் உளுத்துப்போவது கீழ்ச்சட்டம்தான். மேலே எல்லாம் இரும்பு மாதிரி இருக்கும். கீழே மட்டும் விரலால் குத்தினாலே உதிரும். தச்சர் அந்த ஒரு சட்டத்தை மட்டும் கச்சிதமாக மாற்றிவிடுவார். பாலிஷ் போட்ட பிறகுதான் வம்பு ஆரம்பிக்கும். ஐம்பது வருடக் கதவின் காலில் மஞ்சள் துணி சுற்றியது போல அது தனியாகத் தெரியும்.

“முழுசா தேய்ச்சு ஒரே கலரா அடிச்சிடலாம்மா” என்பார் பாலிஷ்காரர். சரி என்றால், தாத்தா, பாட்டி கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மின்னும் கைப்பிடி ஓரமும் உப்புத்தாளோடு போய்விடும். செலவும் பல மடங்கு. பெரும்பாலான கதவுகளுக்கு அது தேவையே இல்லை.

‘தேக்கு’ என்று எழுதிய ஸ்டெயின் டப்பாவை வாங்கிப் பூசினால் மட்டும் நிறம் சேர்ந்துவிடாது. புதிதாக அறுத்த தேக்கு வெளிறி, வரிவரியாக இருக்கும். வெளிச்சம் படப்பட கறுத்து ஒரே நிறத்துக்கு வரும். (ஈட்டி மரம் இதற்கு நேர் எதிர், வெயிலில் வெளுக்கும்.) அதன் மேல் பூசிய அரக்குப் பாலிஷ் தன் பங்குக்குச் செம்மஞ்சள் சாயலைச் சேர்த்திருக்கும். கைப்பிடியைக் கழற்றினால் அடியில் பழைய நிறம் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சேர வேண்டியது இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறத்தோடு.

முதலில், பழைய பாலிஷ் எது என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத கீல் ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னரில் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் மெலமைனாகவோ பி.யு.வாகவோ இருக்கலாம். வாசலில் விளக்கு ஏற்றும் வீடுகளில் இந்த வேலை முடியும்வரை விளக்கு வேண்டாம். ஸ்பிரிட்டும் தின்னரும் சட்டென்று தீப்பற்றும்.

அடுத்ததுதான் முக்கியம். புதுச்சட்டம் அறுத்த அதே பலகையின் மிச்சத் துண்டைத் தச்சரிடம் கேட்டு வாங்க வேண்டும். சட்டத்தைத் தேய்க்கும் அதே நம்பர் உப்புத்தாளால் துண்டையும் தேய்க்க வேண்டும். 320-ல் தேய்த்த மரத்தைவிட 180-ல் தேய்த்த மரம் அதிக நிறம் குடிக்கும். ஸ்டெயின், சீலர், பாலிஷ் என எல்லாவற்றையும் துண்டில் முழுசாகப் போட்டு, காய்ந்த பிறகு கதவோடு ஒட்டிவைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் சேர்ந்த நிறம் காலை வெயிலில் பிரிந்து நிற்கும். ஸ்டெயின் ஒரு படி இளசாகவே இருக்கட்டும். இன்னொரு கை பூசிக் கறுப்பாக்கலாம். ஊறியதை வெளியே எடுப்பது கஷ்டம்.

இணைப்பில் பிதுங்கும் பெவிகாலை அப்போதே ஈரத்துணியால் துடைக்காவிட்டால், அந்த இடம் ஸ்டெயின் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். பலரும் பாலிஷ்காரரைத் திட்டுவது இதற்குத்தான், பாவம்! ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அரக்குப் பாலிஷ் வெளிறிப் பூத்துவிடும். மழை ஓயும்வரை காத்திருக்கலாம்.

நிறம் சேர்ந்ததும் கலவை அளவை அந்தத் துண்டின் பின்பக்கம் எழுதிப் பரணில் போட்டுவைக்கலாம். அடுத்து உளுக்கப்போவது பக்கத்துக் கதவின் கீழ்ச்சட்டம்.