மூன்றாவது கம்பி எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! கிராணித் தோழர்களே!

"கவனக்குறைவு" என்று ஒரு சொல் உண்டு. நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்தமான சொல். பால் வாளி கவிழ்ந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு. உளி காலில் பட்டால் தொழிலாளியின் கவனக்குறைவு. லயத்துச் சமையலறையில் மின்சாரம் தாக்கினாலும் அதே கவனக்குறைவுதான்! இந்தச் சொல்லை எதிர்த்தே இன்று எழுதுகிறோம்.

நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. மரம் வெட்டிவிட்டு வீடு திரும்பிய ஓர் அம்மாள், கால் கழுவிய ஈரத்தோடு சமையலறைக்குள் போய்க் கேத்தலைத் தொட்டார். மின்சாரம் தூக்கி எறிந்தது. பிள்ளைகள் செய்த புண்ணியம், உயிர் பிழைத்தார். கை வெந்துபோய் மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. ஆபீஸிலிருந்து போன அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவர்கள் கிராணிகளாகிய நாமே. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு வயர்மேன் வந்து சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினார். முன்பக்கம் மூன்று துளைகள். பின்பக்கம் இரண்டே கம்பிகள். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை! சுவருக்குள் இல்லாத கம்பியை அந்த அம்மாள் எப்படிக் கண்டிருப்பார்? எவ்வளவு கவனமாகத் தொட்டிருந்தால் தப்பியிருப்பார்?

அந்த மூன்றாவது கம்பிதான் எர்த். பச்சை நிறமாகவோ, பச்சையில் மஞ்சள் கோடு போட்டதாகவோ இருக்கும். ஒரு கம்பி மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. மற்றொன்று திருப்பிக் கொண்டுபோகிறது. எர்த் கம்பி சும்மா இருப்பதுபோல் தோன்றும். கேத்தலுக்குள் வயர் தேய்ந்து அதன் உலோக உடம்பில் மின்சாரம் ஏறும் நாளில்தான் அதன் வேலை தெரியும். அந்த மின்சாரத்தை அது மண்ணுக்குள் இறக்கிவிடும். அது இல்லாவிட்டால், கேத்தலைத் தொடுகிறவரின் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குப் போகும். வெறுங்காலும் ஈரச் சிமெண்டுத் தரையும் அதற்கு நல்ல பாதை.

எர்த்தோடு இ.எல்.சி.பி. என்ற காவல் சுவிட்சும் வேண்டும். அது நம் கிராணி வேலையைத்தான் செய்கிறது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் கணக்கில் ஒத்துவராவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கு 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்க வேண்டும், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளில் உள்ளது.

தோழர்களே, ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். பினாங்கு நகராண்மைக் கழகம் 1904-லேயே ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் கொடுத்தது. அந்தக் காலத்தில் மின்கம்பிக்கு மேல் போர்த்திய உறை எது? ரப்பர்! பிளாஸ்டிக் உறை வரும்வரை உலகத்து வீடுகளிலெல்லாம் மின்கம்பிக்குக் காப்பாக இருந்தது ரப்பர். மின்கம்பத்தில் ஏறுகிறவர் கையில் மாட்டும் உறையும் ரப்பர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் நம் பாட்டன்மார் வெட்டி இறக்கிய பால் அது. ஊருக்கெல்லாம் காப்புக் கொடுத்தவன் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கோடு காத்திருந்தான். பிறகு ஜெனரேட்டர் வந்து இரவில் சில மணி நேரம் எரிந்தது. அதன் பிறகே முழு மின்சாரம். வந்த மின்சாரமும் எர்த் இல்லாமல்தான் வரவேண்டுமா?

"பழைய லயம், செலவு அதிகம்" என்கிறார்கள். லயம் பழையது என்றால் அதன் வயரும் பழையது, ஆபத்தும் அதிகம். "தோட்டத்தை எப்படியும் விற்கப்போகிறோம்" என்றும் சொல்கிறார்கள். செபராங் பிறையில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டது உண்மைதான். ஆனால் விற்கும் நாள்வரை அங்கே குடியிருப்பவர்கள் மனிதர்கள் அல்லவா? தொழிலாளர் வீட்டுக்குப் போதிய மின்சாரம் தருவதும், கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். நாம் கேட்பது தர்மம் அல்ல, சட்டம்.

நிர்வாகத்தைக் கேட்கும் நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டும். இரண்டு கால் பிளக்கை நுழைக்க, எர்த் துளைக்குள் பேனாவையும் குச்சியையும் குத்துகிறோம். பிளக்கின் நீண்ட காலை உடைத்து எறிகிறோம். அந்தக் கால் நீளமாக இருப்பது, மற்ற இரண்டுக்கும் முன்னால் எர்த்தைத் தொடுவதற்காகவே! ஃபியூஸ் போனால் சிகரெட் தாளைச் சுற்றுகிறோம். பாசார் மாலாமில் மலிவு வயரை வாங்கி, சோற்றுப் பானை, கேத்தல், மிக்ஸி மூன்றையும் அதிலேயே மாட்டுகிறோம். 13 ஆம்பியர் என்பது ஏறக்குறைய 3000 வாட். சில கேத்தல்கள் ஒன்றே அவ்வளவு இழுக்கும். வயர் சூடேறி உருகாமல் என்ன செய்யும்? "அடிக்கடி டிரிப் ஆகிறது, தொல்லை" என்று இ.எல்.சி.பி.யையே கழற்றச் சொல்பவர்களும் உண்டு. நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுத் திருடனோடு படுத்துக்கொள்ளும் கதைதான் இது!

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒவ்வொரு லயத்து வீட்டிலும், தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டு எர்த்தைச் சோதித்து, முடிவை எழுத்தில் தர வேண்டும்.

இ.எல்.சி.பி. இல்லாத வீட்டுக்கு உடனே பொருத்த வேண்டும்.

வயரைச் சோதிக்காமல் எந்த விபத்து அறிக்கையிலும் "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது.

தொழிலாளர்களே, சிரிம் முத்திரை இல்லாத சாமானை வாங்காதீர்கள். மாதம் ஒரு முறை இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் அன்றே கிளைச் செயலாளரிடம் பிராது கொடுங்கள். கிராணிகளே, அந்தப் பிராதைத் தேதி போட்டுப் பதியுங்கள். இனி அந்தப் பொய்ச் சொல்லை நம் கையால் தட்டச்சு செய்ய மாட்டோம்.