கழுகுமலையில் குதிரைவாலி இல்லை

போன கார்த்திகையில் சென்னையிலிருந்து வந்த பழைய சகா ஒருவரைக் கழுகுமலைக்குக் கூட்டிப் போனேன். கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். வங்கியில் இருந்தபோது எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், மலை ஏறினதில்லை. கடன் வசூலுக்குப் போகிறவன் கண்ணில் மலை எங்கே படும்?

வெட்டுவான் கோயிலைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, அடிப்பகுதியை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். கூட்டம் இல்லை, சத்தம் இல்லை. மேலே நின்றால் சுற்றிலும் கரிசல்.

அந்தக் கரிசலைப் பார்த்துத்தான் மனசு கலங்கியது. கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் விளைந்த காடு, இப்போது எங்கே திரும்பினாலும் மக்காச்சோளம். அதுவும் கோழித் தீவனத்துக்கு. 2018இல் படைப்புழு வந்து அடித்தும் விட்டபாடில்லை. குறை சொல்ல எனக்கும் யோக்கியதை கிடையாது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன்தானே நானும்.

கீழே இறங்கி ஒரு மளிகைக் கடையில், "அண்ணாச்சி, குதிரைவாலி அரிசி இருக்கா?" என்று கேட்டேன்.

"கேக்க ஆளில்ல சார். எல்லாம் மெட்ராசுக்குல்லா போகுது. நீங்க கொண்டாந்தா வைக்கேன்."

சுருக்கென்றது. என் குதிரைவாலியும் சென்னைக்குத்தான் பார்சலில் போகிறது!

நம் கூட்டங்களில் சந்தை என்றாலே சென்னை, கோவை, பெங்களூரு என்றுதான் பேசுகிறோம். இது தப்பு என்றே நினைக்கிறேன். சிற்றூர்க்காரர் அந்த விலை தரமாட்டார் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்சல் கூலி, பை, கடைக் கழிவு, திரும்பி வரும் சரக்கு எல்லாவற்றையும் எழுதிக் கழித்துப் பார்த்தேன். எனக்குக் கிலோவுக்கு 6 ரூபாய்தான் குறைகிறது. உமி நீக்கின குதிரைவாலி நாள்பட்டால் வண்டு விழும், சிக்கு வாடை அடிக்கும். பக்கத்து ஊர் என்றால் வாராவாரம் தேவைக்குத் தீட்டிக் கொடுக்கலாம். அதுக்கு ஒரு விலை கிடையாதா?

அடுத்த வாரம் 10 கிலோ கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாரத்தில் 7 கிலோ போயிருந்தது. மீதியை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் சார். நாட்டு உளுந்து இருந்தா அதயும் கொண்டாங்க."