ஒரு டயர் போனால் எத்தனை டயர் மாற்றுவது? புது டயர் முன்னாலா, பின்னாலா?

கோவை: மழை பிடித்தால் தொண்டாமுத்தூர் ரோட்டில் டயர் கடைக்காரர்களுக்கும் வேலை பிடித்துவிடும்!

வடவள்ளியைத் தாண்டினால் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாது. பள்ளத்தின் ஓரத்தில் தார் பெயர்ந்து ஜல்லி கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். "டமார்!" என்று ஒரு சத்தம். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கார்க்காரர் கடைக்குப் போகிறார். அங்கே நடக்கிற பேச்சு எந்தக் கடையிலும் ஒன்றுதான்.

"ஏனுங் தம்பி, இதுக்கு ஒட்டுப் போட முடியாதுங்களா?"

"சைடுல போயிருச்சுங்கண்ணா. ஒட்டு நிக்காதுங்க. புதுசுதான் போடோணும்."

"செரி, ஒண்ணு போடு."

"ஒண்ணு மட்டும் போட்டா நல்லா இருக்காதுங்ண்ணா. ரெண்டாப் போட்டுக்குங்க."

இந்த இடத்தில் கார்க்காரர் முகம் மாறுகிறது. 'பார்த்தியா, வியாபாரம் பண்றான்' என்று நினைக்கிறார்.

கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அடுத்து அவர் செய்கிற வேலைதான் பல நேரம் தப்பாகிவிடுகிறது. இரண்டு புது டயரையும் முன்னால் மாட்டி, "ஜோரா ஓடும், போய்ட்டு வாங்க" என்று அனுப்பி விடுகிறார்!

வீக்கம் என்றால் என்ன?

டயர் வெறும் ரப்பர் அல்ல. உள்ளே நூல் அடுக்கு இருக்கிறது. காற்றைத் தாங்கிப் பிடிப்பது அந்த நூல்தான். பள்ளத்தின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது பக்கவாட்டில் நூல் அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்தில் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்குகிறது. அதுதான் வீக்கம். எந்த நேரமும் வெடிக்கலாம். ரோட்டில் படுகிற நடுப்பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டில் அடிபட்டால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சரி, ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் என்ன?

இங்கேதான் கணக்கு வருகிறது. சின்னக் காரின் டயர் குறுக்களவு ஏறக்குறைய 60 செ.மீ. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். பாதிக்கு மேல் ஓடிய டயரில் 3 மி.மீ. இருக்கலாம். வித்தியாசம் 5 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் சுற்றளவில் அது 3 செ.மீ. ஆகிவிடுகிறது.

ஒரு கிலோ மீட்டர் ஓடப் புது டயர் 530 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. தேய்ந்த டயர் அதைவிட 9 சுற்று அதிகம் சுற்ற வேண்டும். தொண்டாமுத்தூரில் கிளம்பிக் காந்திபுரம் வந்து சேர்வதற்குள் நூறு சுற்றுக்கு மேல் வித்தியாசம்!

இடது வலது சக்கரங்களின் இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பது டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி. வளைவில் திரும்பும்போது மட்டும் அது அந்த வேலையைச் செய்தால் போதும். ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் பழசு என்றால் நேர் ரோட்டிலும் ஓய்வில்லாமல் உழைக்க வேண்டும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஈர ரோட்டில் இழுப்பு இன்னும் அதிகம்.

மற்ற மூன்று டயரும் கிட்டத்தட்டப் புதுசு, இரண்டு மூன்று ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் ஒன்று மட்டும் மாற்றலாம். தப்பில்லை. அதே அளவு, அதே கம்பெனி, அதே மாடல் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஓடிய வண்டிக்கு ஜோடியாக மாற்றுவதுதான் முறை.

முன்னால் போடும் பழக்கம் எப்படி வந்தது?

இது லாரிக்காரர்கள் கற்றுக்கொடுத்த பாடம். லாரிக்கு அது சரியான பாடம்தான்!

லாரியில் பின்னால் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். முன்னால் அப்படி இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. அது வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். அதனால் புது டயர் முன்னால், ரீட்ரெட் டயர் பின்னால் என்று வழக்கம் வந்தது. பஸ்ஸிலும் இதே கதை. ரீட்ரெட் ரப்பர் தொழிலுக்குப் பேர் போன ஊர் கோவை. எல்ஜி ரப்பர் இங்கேதான் இருக்கிறது. லாரி டயர் சாத்திரம் இந்த ஊர் மெக்கானிக்குகளின் ரத்தத்தில் ஊறியது.

அம்பாசடர், பியட் ஓடிய நாளிலும் இதையே பின்பற்றினார்கள். ட்யூப் போட்ட டயர், அடிக்கடி வெடிக்கும். முன்னால் வெடித்தால் ஆபத்து என்ற பயம் அன்று நியாயமாகவே இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஞ்சின் முன்னால், இழுவையும் முன் சக்கரத்தில். அதற்குப் பின்னால் வந்த சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் முன் டயர் சீக்கிரம் தேயும். கார்க்காரர் பார்க்கிறார்: முன்னால் மொட்டை, பின்னால் பட்டன் அப்படியே இருக்கிறது. 'தேய்ந்த இடத்தில் புதுசு போடு' என்கிறார். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் இந்தக் கார்களில் பாரம் எல்லாம் முன்னால். வால் பக்கம் லேசு. டிரைவர் ஒருத்தர் மட்டும் போகும்போது பின் சக்கரம் ரோட்டை அமுக்கிப் பிடிக்கப் போதிய கனம் இருக்காது. அந்தச் சக்கரத்தில் தேய்ந்த டயர் இருந்து, ரோட்டில் மழைத் தண்ணீரும் ஓடினால்...?

வால் சுழற்றும்!

ஈர ரோட்டில் டயருக்கும் தாருக்கும் நடுவே நிற்கிற தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டன் பள்ளங்களின் வேலை. பள்ளம் ஆழமில்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதந்துவிடும். இதில் முன் டயர் மிதப்பதற்கும் பின் டயர் மிதப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

முன் டயர் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். டிரைவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும். வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் குறையும், பிடி திரும்பக் கிடைக்கும்.

பின் டயர் மிதந்தால் கையில் ஒரு சேதியும் வராது. வளைவில் முன் சக்கரம் ஒழுங்காகத் திரும்புகிறது, வால் மட்டும் வெளியே வீசுகிறது. டிரைவர் பயந்து காலை எடுக்கிறார், பிரேக் மிதிக்கிறார். பாரம் முன்னால் சாய்கிறது. வால் இன்னும் லேசாகிறது. வண்டி பம்பரமாகச் சுழன்று எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. ரேஸ் ஓட்டுகிறவர் சமாளிக்கலாம். பேரூர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர் சமாளிக்க முடியுமா?

அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் மிச்செலின் கம்பெனிக்குச் சோதனை ரோடு இருக்கிறது. வட்டமான ரோட்டில் தண்ணீர் தெளித்து, ஒரே மாதிரி இரண்டு கார்களை ஓட்டிக் காட்டுவார்கள். ஒன்றில் புது டயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். முன்னால் போட்ட கார்தான் சுழல்கிறது. டயர் கம்பெனிகள் இன்று ஒரே குரலில் சொல்வது இதுதான்: இரண்டு மட்டும் மாற்றினால் புதுசு பின்னால். முன் சக்கர இழுவையா, பின் சக்கர இழுவையா என்று பார்க்க வேண்டியதில்லை.

பின் டயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த நாடு ஒருமுறை கசப்பாகவே பார்த்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே டயரின் மேல்தோல் உரிந்து, வண்டிகள் உருண்டன. அவற்றில் பல, பின் டயர் போனதால் நடந்தவை. அங்கே கோளாறு டயரில்தான். இருந்தாலும் பின்பக்கப் பிடி போனால் வண்டிக்கு என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது.

செலவைக் குறைக்க ஒரு வழி

இரண்டு டயர் என்றால் பணம் இரட்டிப்பு. சம்பளக்காரருக்கும் டாக்சிக்காரருக்கும் இது வலிக்கிற விஷயம்.

டிக்கியில் தூங்குகிற ஸ்டெப்னியை முதலில் பாருங்கள். பல கார்களில் அது ஓடாத புது டயர். மற்ற டயர்களின் அதே அளவு, அதே வகை என்றால் ஒரே ஒரு புது டயர் வாங்கி, ஸ்டெப்னியோடு ஜோடி சேர்த்துப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். கழற்றிய நல்ல டயர் ஸ்டெப்னி ஆகிவிடும். செலவு ஒரு டயர்தான்! (ஸ்டெப்னி என்ற பேரே வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் மாற்றுச் சக்கரம் விற்ற கம்பெனி அந்தத் தெருவில் இருந்தது. இங்கிலீஷ்காரனே மறந்துவிட்ட பேரை நம் ஊர் பஞ்சர் கடைதான் காப்பாற்றி வருகிறது.)

ஆனால் ஸ்டெப்னியின் வயதைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். ஐந்தாறு வருஷம் ஆனதை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டக் கூடாது. பத்து வருஷம் ஆனது என்றால் தொடவே வேண்டாம்.

சில புதுக் கார்களில் ஸ்டெப்னி ஒல்லியாக இருக்கும். அது கடை வரைக்கும் போய்ச் சேர மட்டும். பெரும்பாலும் 80 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். இன்னும் சில கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. ட்யூப் இல்லாத டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் சாமான் இந்த மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியை மாற்றியது. பூண்டி அடிவாரத்தில் ராத்திரி டயர் பக்கவாட்டில் கிழிந்தவருக்கு அந்தப் பஞ்சர் சாமான் எந்த உதவியும் செய்யாது. விதி போட்டவர்கள் அந்த ரோட்டில் வந்து பார்த்திருக்கலாம்!

வரியில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. புது டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 4 ஆயிரம் ரூபாய் விலையுள்ள டயருக்கு 400 ரூபாய் மிச்சம். ஜோடிக்கு 800.

இன்சூரன்சை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் போனால் பைசா கிடையாது. அதே அடியில் வண்டியும் சேதமாகியிருந்தால்தான் டயருக்குப் பணம், அதுவும் பாதி விலை. டயருக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்தவர்களுக்கு வேறு கணக்கு. எப்படியானாலும் ஜோடிக்காக வாங்கும் நல்ல டயர் கைக்காசுதான்.

குட்டி யானையும் ஜீப்பும்

சின்ன வெங்காயமும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோடு எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கு விடியலில் வரும் குட்டி யானைக்கும் இதே சட்டம்தான். பார்க்க லாரி மாதிரி இருந்தாலும் பின்னால் ஒற்றை டயர்தான். போகும்போது பாரம், திரும்பும்போது காலி. காலி வண்டிதான் மழையில் வால் சுழற்றும். நல்ல டயர் பின்னால்!

நாலு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகிற வண்டி என்றால் நாலும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் மாற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உள்ள கியர் பெட்டி சூடேறிக் கெட்டுப் போகும். அதற்கு ஆகும் செலவில் பல செட் டயர் வாங்கலாம். அமெரிக்காவில் இதற்காகப் புது டயரைச் சீவி, பழசின் அளவுக்குக் குறைத்துத் தரும் கடைகளே இருக்கின்றன. லீவரைப் போட்டால் மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பில் இந்தத் தொல்லை குறைவு. தார் ரோட்டில் அந்த லீவரைத் தொடாமல் இருந்தால் போதும்.

பழைய டயர் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரிந்துகொள்வதும் சுலபம். பட்டன் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பாக்கி ஆழம் 1.6 மி.மீ. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு அதுதான் எல்லை. அது சட்டத்தின் எல்லை. மழை ரோட்டுக்கு 3 மி.மீ. வரும்போதே யோசிக்க வேண்டும். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து, பையனுடைய ஸ்கேலில் அளந்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்த வீங்கிய டயர். "இங்கியே கெடக்கட்டுமுங்க" என்று கடைக்காரர் சொன்னால் உஷார்! உள்பக்கம் ஒரு ஒட்டுப் போட்டுத் துடைத்து வைத்தால் வீக்கம் வெளியே தெரியாது. பாதி விலைக்கு அதை வாங்க ஆள் வரும். அப்படி வாங்குகிறவர் அதை எங்கே மாட்டுவார்? பின்னால்தான்! கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கவாட்டைக் கத்தியால் கிழிக்கச் சொல்லி, பார்த்துவிட்டு வருவது நல்லது.